இசைக்கு மொழியில்லையாம்!

'இசைக்கு மொழியில்லை; எல்லையுமில்லை' என்னும் கூற்று இக்கால் எங்கும் ஒலிக்கின்றது. மேடையேறிப் பாடுவானும் அதைச் சொல்கின்றான். இசைத்தட்டு விற்பானும் அதைச் சொல்கின்றான். விருது வழங்கும் அவையத்தாரும் அதையே சொல்கின்றனர். கேட்பதற்கு அஃது இனிக்கின்றது. மாந்தரெல்லாரும் ஓரினம் என்னும் உயர்ந்த உள்ளத்தினின்று பிறந்தது போலவும் தோன்றுகின்றது. ஆயின், இனிப்பதெல்லாம் மருந்தாகிவிடாது. ஒரு கூற்றின் உண்மையை அறிய வேண்டின், அதைச் சொல்லுவார் யார், அதனாற் பெறுவார் யார், இழப்பார் யார் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பிப் பார்த்தல் வேண்டும்.

பல நாட்டு இசைகளையும் ஒரே தொகுப்பிற் கலந்து தரும் இசைத்தட்டுகள், 1980களுக்குப் பின் உலகச் சந்தையைப் பெரிதும் பற்றிக்கொண்டன. ஆப்பிரிக்கக் காட்டுக் குரல் ஒன்று; ஆசியக் குழலோசை ஒன்று; இவற்றின் அடியில் மின்பொறி முழக்கும் மேலைநாட்டுத் தாளம் ஒன்று. இக் கலவைக்கு ஓர் அழகிய அட்டை; அட்டையின் மேல் கலந்தவன் பெயர் பெரிதாக. கலக்கப்பட்டவன் பெயர் எங்கே? பல தட்டுகளில் அது சிறிதாகவும் இல்லை, இல்லவே இல்லை! 'இசைக்கு மொழியில்லை' என்னும் கூற்று எதற்குப் பயன்படுகின்றது என்பது இவ்விடத்திலேயே விளங்கத் தொடங்கும். மொழியில்லை என்று சொல்லிவிட்டால் அம்மொழிக்குரிய இனமும் இல்லை. இனமில்லையெனின் உரிமை கேட்பாரும் இலர்.

சான்று காட்டாமற் பழிகூறுதல் அறமன்று. ஆகலின் சில செய்திகளைக் காண்க.

பசிபிக்குப் பெருங்கடலில் சாலமன் தீவுகள் உள்ளன. அவற்றுள் மலைத்தா என்பது ஒரு தீவு. அத்தீவில் பைகு என்னும் மொழி பேசும் சிறு மக்களினம் வாழ்கின்றது. அவ்வினத்துப் பெண்மணி அபுனக்குவா என்பார் பாடிய தாலாட்டு ஒன்றை, 1970ஆம் ஆண்டில் இயூகோ செம்பு என்னும் இசையாய்வாளர் பதிவு செய்தார். யுனெசுகோ அமைப்பின் இசைத்தட்டு வரிசையில் அது வெளியாயிற்று. 'உரோரோகுவேலா' என்பது அத்தாலாட்டின் பெயர். பெற்றோரை இழந்த சின்னஞ்சிறு பிள்ளையை மூத்த பிள்ளை அணைத்துத் தேற்றுவதாக அமைந்தது அது. தாயில்லா வீட்டில் எழுந்த தாலாட்டு என்க.

1992ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டார் இருவர், 'இடீப்பு பாரசுட்டு', அஃதாவது 'ஆழ்காடு' என்னும் பெயரில் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அதன் புகழ்பெற்ற பாடலின் உள்ளீடு அபுனக்குவாவின் குரலே. ஆனால் தொகுப்பு முழுமையும் நடு ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் குறுவுடல் மக்களின் இசையாகவே உலகுக்குக் காட்டப்பட்டது. மலைத்தாத் தீவுக்கும் நடு ஆப்பிரிக்காவுக்கும் இடையே 10,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு! அத்தொலைவை ஒரு தட்டின் அட்டை விழுங்கிவிட்டது. இலக்கக்கணக்கில் அத்தொகுப்பு விற்றது. வணிக விளம்பரங்களுக்கும் அப்பாடல் பயன்பட்டது. தாயற்ற பிள்ளையின் அழுகையைத் தேற்றிய குரல், பொருள் விற்கும் கூவலாக மாறிற்று. கேட்டவர் எவர்க்கும் அதன் பொருள் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் எவரும் எண்ணவில்லை. 'இசைக்குத்தான் மொழியில்லையே!'

கதை அத்துடன் முடியவில்லை. 1996ஆம் ஆண்டில் நார்வே நாட்டுக் குழலிசைஞர் யான் கார்பாரெக்கு, அதே மெட்டைத் தம் தொகுப்பில் வாசித்தார். அதற்கு அவர் இட்ட பெயர், ஆப்பிரிக்கக் குறுவுடல் மக்களின் தாலாட்டு என்னும் பொருளது. முதல்வர் செய்த பிழையை அடுத்தவர் மெய்யென நம்பினார். ஒருமுறை தொலைந்த பெயர் தானே திரும்பி வருவதில்லை. பொய்ப்பெயர் அதன் இருக்கையில் அமர்ந்துகொள்கின்றது. அதே ஆண்டில் இயூகோ செம்பு ஆய்விதழ் ஒன்றில் இம் முறைகேட்டை விரிவாக எழுதினார். தட்டு விற்ற விரைவில் அக் கட்டுரை பரவவில்லை. பொய் தட்டிலேறிப் பறக்க, மெய் ஏட்டிலேறி நடந்தது.

இனித் தைவான் தீவுக்கு வருக. அங்குச் சீனர் குடியேறுமுன்னரே வாழ்ந்த தொல்குடிகளுள் ஆமிசு மக்கள் ஓரினத்தார். அவ்வினத்து முதியவர் திபாங்கு என்பாரும் அவர் மனைவியாரும் 1988ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கு அழைக்கப்பெற்றுப் பாடினர். அவர்தம் குரல் ஆங்குப் பதிவு செய்யப்பட்டது. உருமேனியாவிற் பிறந்து செருமனியிற் புகழ்பெற்ற மைக்கேல் கிரேட்டு என்பார், தம் 'எனிக்மா' தொகுப்புக்கு அக்குரலை எடுத்துக் கொண்டார். முதியோர் விருந்தில் பாடும் ஆமிசுப் பாட்டு, மேலைநாட்டுத் தாளத்தின் மேல் மிதந்து உலகெங்கும் ஒலித்தது. 1996ஆம் ஆண்டு அத்துலாண்டாவில் நடந்த ஒலிம்பிக்கு விளையாட்டு விழாவின் விளம்பரத்திலும் அது முழங்கியது. பாடிய முதியவரோ தம் ஊரில் உழவராய் வாழ்ந்து கொண்டிருந்தார். தட்டின்மேல் அவர் பெயர் இல்லை. அப்பாடலுக்கு இட்ட ஆங்கிலத் தலைப்பின் பொருள், 'சூதறியா நிலைக்குத் திரும்புதல்' என்பது! சூதறியாதவர் யார், சூதாடியவர் யார் என்று அத்தலைப்பே கேட்பது போல் உள்ளது.

ஆயின் திபாங்கு வாளாவிருக்கவில்லை. 1998இல் அமெரிக்க வழக்குமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1999இல் இருதரப்பாரும் மன்றத்துக்கு வெளியே இணங்கித் தீர்த்துக் கொண்டனர். அதன் பின்னரே வெளியீடுகளில் அவருக்குப் பெயர் கிடைத்தது. 2002ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். கேட்ட பின்னரே கிடைத்தது என்பதை நெஞ்சிற் பதித்துக் கொள்ளுதல் வேண்டும். கேளாதிருந்தால் இன்றும் அவர் பெயரற்ற ஒரு 'காட்டுக்குரல்' ஆகவே இருந்திருப்பார்.

இக்கொடுமை எவ்வாறு நிகழ்கின்றது? தீயோர் சிலரின் சூழ்ச்சி மட்டுமே இது என எண்ணுதல் தவறு. இதன் பின்னே ஒரு பொறியும் ஒரு சட்டமும் உள்ளன. பொறியாவது, பதிவான ஒலியினின்று ஒரு துணுக்கை வெட்டி, அதை வேண்டிய சுருதிக்கு ஏற்றியும் இறக்கியும், திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவி. 1980களில் இக்கருவி எளிதிற் கிடைக்கலாயிற்று. அது குரலை எடுக்கும், சொல்லை விடும். முழுப்பாட்டில் நான்கு நொடி அதற்குப் போதும். பாட்டின் முதலும் முடிவும், யார் யாரிடம் ஏன் பாடினார் என்பதும் அதற்கு வேண்டா. வெட்டுவாய்க்கு முதலில் இரையாவது மொழியே.

சட்டமாவது படைப்புரிமைச் சட்டம். ஆக்கியோன் பெயர் தெரியாத பழம்பாட்டுக்கு உரிமையாளர் இலர் எனப் பல நாட்டுச் சட்டங்களும் கொள்கின்றன. பதிவுக்கு உரியவர், பதிந்தவரோ அதை வெளியிட்ட நிறுவனமோ ஆவர். பதிவைக் கொண்டு புதுக்கலவை செய்தவர் ஆக்கியோன் ஆகிவிடுகின்றார். ஆக, தலைமுறை தலைமுறையாக ஒரு பாட்டைக் காத்த இனத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அதன் நான்கு நொடியை வெட்டியவர்க்கு இடமுண்டு. 2003ஆம் ஆண்டில் யுனெசுகோ, தொட்டுணரவியலாப் பண்பாட்டு மரபுகளைக் காத்தற்கென ஓர் உடன்பாடு கண்டது. அது நன்றே. எனினும் அது போற்றிக் காக்கச் சொல்லும் உடன்பாடேயன்றி, பாடியவர்க்கு உடைமையுரிமை வழங்கும் சட்டமன்று.

மொழி அழிந்தால் இசைக்கு என்ன நேரும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கரான சாலமன் இலிண்டாவின் கதையைக் காட்டிலும் வேறு சான்று வேண்டா. சூலு இனத்தவரான அவர் 1939ஆம் ஆண்டில் 'இம்பூபே' என்னும் பாடலைப் பாடிப் பதிந்தார். சூலு மொழியில் அச்சொல்லுக்கு அரிமா என்பது பொருள். அப்பாட்டு அமெரிக்காவுக்குச் சென்றது. சூலு அறியாத அமெரிக்கர் செவியில் அதன் சொற்றொடர் சிதைந்து, 'விமோவே' என்னும் பொருளற்ற ஓசையாயிற்று. 1950களின் தொடக்கத்தில் அவ்வோசையே பாட்டின் தலைப்புமாயிற்று. 1961இல் அதன்மேல் ஆங்கிலச் சொற்கள் ஏற்றப்பட்டு உலகப் புகழ் பெற்றது. 1962இல் சாலமன் இலிண்டா வறுமையில் இறந்தார். 1994இல் இடிசுனி நிறுவனத்தின் அரிமாப் படத்திலும் அப்பாட்டு ஒலித்தது. நெடிய வழக்குக்குப் பின் 2006ஆம் ஆண்டிலேதான் அவர் மக்கள் உரிய தொகை பெற வழி பிறந்தது. ஒரு சொல் பொருளிழந்ததற்கும் ஒரு குடும்பம் பொருளிழந்ததற்கும் இடையே உள்ள தொடர்பை இக்கதை காட்டும். 'பொருள்' என்னும் தமிழ்ச்சொல் கருத்தையும் செல்வத்தையும் ஒருங்கே குறிப்பது ஈண்டு எண்ணத்தக்கது. முதலது போயின் இரண்டாவதும் நில்லாது.

இவற்றுக்கெல்லாம் பெயர் சூட்டிய கதையும் கேட்கத்தக்கது. 1987ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் இலண்டன் மாநகர்க் குடிமனை ஒன்றில், சிறு இசைத்தட்டு நிறுவனத்தார் சிலர் கூடினர். கடைகளில் இத்தகு தட்டுகளை எந்தப் பெட்டியில் அடுக்குவது என்பதே அவர்கட்கிருந்த சிக்கல். 'உலக இசை' என்னும் பெயரை அவர்கள் தேர்ந்தனர். அதனால் வணிகம் பெருகிற்று. அவர் நோக்கம் அதுவே. அதைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆயின் அப்பெயரை உற்றுநோக்குக. ஆங்கிலப் பாட்டு அப்பெட்டியில் இல்லை. மேலை நாட்டுச் செவ்விசை இல்லை. எஞ்சிய மாந்தர் அனைவரும், சூலுவும் ஆமிசும் பைகுவும் தமிழும், ஒரே பெட்டியில்! ஆங்கிலம் பாடினால் இசை. மற்றவர் பாடினால் 'உலக இசை'. அமெரிக்காவின் கிராமி விருதிலும் அப்பெயரே நெடுநாள் நின்றது. 2020ஆம் ஆண்டில் அதை மாற்றினர். மாற்றிய பெயரும் 'உலகளாவிய இசை' என்னும் பொருளதே. பெட்டியின் நிறம் மாறியது; பெட்டி மாறவில்லை.

இனி, கலவைத் தொகுப்புகளின் தலைமகன் எனப் போற்றப்படும் 'கிரேசுலாந்து' என்னும் தட்டையும் முறையோடு ஆய்தல் வேண்டும். அமெரிக்கரான பால் சைமன் அதை 1986ஆம் ஆண்டில் வெளியிட்டார். தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களின் நகர்ப்புற ஆட்டவிசை, சூலு மக்களின் கருவியில்லாக் கூட்டுப்பாட்டு, இலெசோத்தோ நாட்டுத் துருத்திப்பெட்டி இசை, அமெரிக்கத் தென்மாநிலமான இலூசியானாவின் இசை, இலாசு ஏஞ்சலசு நகரத்து மெக்சிக்க வழியினர் இசை ஆகிய அனைத்தும் அதில் உள. நிறவெறி அரசுடன் பண்பாட்டுக் கொடுக்கல் வாங்கல் கூடாதென 1980 திசம்பரில் ஒன்றிய நாடுகள் அவை தீர்மானித்திருந்தது. அதனையும் மீறி 1985இல் சைமன் சோகனசுபர்க்குக்குச் சென்று பதிவு செய்தார். ஆகலின் 1987இல் இலண்டனில் அவர் பாடிய அரங்கின் வாயிலில் எதிர்ப்பாளர் திரண்டனர். அவ்வெதிர்ப்பு முறையானதே. ஒடுக்கப்பட்ட மக்கள் தாமே வேண்டிக் கொண்ட ஒரு கட்டுப்பாட்டை, வெளியிலிருந்து வந்த ஒருவர் தம் கலைவேட்கைக்காக உடைக்க உரிமையுடையர் அல்லர்.

எனினும் உண்மையை மறைத்தல் தமிழர்க்கு அழகன்று. சைமன் அவ்விசைஞர்க்கு நியூயார்க்கு நகரக் கூலியினும் மும்மடங்கு கொடுத்தார். துருத்திப்பெட்டி வாசித்த பொரேரே மொத்துலோகெலோவா முதலானார்க்கும், கூட்டுப்பாட்டுக் குழுத்தலைவர் சோசப்பு சபலாலாவுக்கும் ஆக்கியோர் பட்டியலில் இடந்தந்தார். சபலாலாவுடன் ஆக்கிய பாட்டில் சூலு மொழி சூலு மொழியாகவே நின்றது. அதன் விளைவு என்ன? 1970களிலேயே தம் மக்களிடைப் புகழ்பெற்றிருந்த அக்குழுவினர், தம் பெயரோடும் தம் மொழியோடும் உலகறிய நின்றனர். சூலு வேந்தன் சாக்காவின் பெயர் தாங்கிய அவர்தம் தனித்தட்டு 1988இல் கிராமி விருது பெற்றது. அதே 'கிரேசுலாந்து' தட்டில் தம் பங்குக்குப் பெயர் கிடைக்கவில்லை என இலாசு ஏஞ்சலசுக் குழுவினர் பின்னர் வெளிப்படையாகக் குறை கூறினர். ஒரே தட்டில் இருவேறு நிலை! பெயரும் மொழியும் நின்றவிடத்தில் மதிப்பு நின்றது. பெயர் ஐயுற்றவிடத்தில் பூசல் நின்றது. இசைக்கு மொழியில்லை என்பார்க்கு இத்தட்டே விடை.

கலவைக்குச் சார்பாக மூன்று கூற்றுகள் சொல்லப்படுகின்றன. முதலாவது, 'கலவைத் தட்டு வந்திராவிடின் அபுனக்குவாவின் பாட்டை யார் கேட்டிருப்பார்?' என்பது. இப்பொழுது மட்டும் யார் கேட்டார்? கோடி மக்கள் கேட்டது பெயரற்ற ஓர் ஓசையை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாகப் பொய்யாக நம்பிய ஓர் ஓசையை. ஒருவரை வேறொருவராக எண்ணி மாலை சூட்டுதல் அவரைப் பெருமைப்படுத்துவதாகுமா?

இரண்டாவது, 'எல்லா இசையும் கலந்து வளர்ந்ததே. தமிழ்நாட்டு மேடையில் வயலின் இல்லையா?' என்பது. உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த அவ்வில்யாழ் இங்கு வந்து நம் பண்ணைப் பாடக் கற்றுக் கொண்டது. பிடிக்கும் முறை மாறிற்று. சுருதி கூட்டும் முறை மாறிற்று. அது நமக்குப் பணிந்ததேயன்றி நாம் அதற்குப் பணியவில்லை. கருவியை வாங்குதல் வேறு. நாவை விற்றல் வேறு. ஒப்பானவர் இருவர் தத்தம் பெயரோடு தருவதும் பெறுவதும் கொடுக்கல் வாங்கல். ஒருவர் பெயர் மற்றொருவர் வயிற்றுக்குள் மறைவது விழுங்கல். இரண்டுக்கும் கலப்பு என்னும் ஒரே பெயரை இடுவதே இக்கூற்றின் புரட்டு.

மூன்றாவதே தலையாயது: 'இசைக்கு மொழி எதற்கு?' என்பது. இது தமிழர்க்குப் புதிய குரலன்று. 1943ஆம் ஆண்டில் அண்ணாமலை அரசரின் முயற்சியால் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்த காலத்தில், தமிழிற் பாடுக என்று கேட்ட தமிழர்க்குச் சொல்லப்பட்ட விடையும் இதுவே. இசைக்கு மொழி இன்றியமையாததன்று என்றனர். அவ்வாறு சொன்னவர், மொழியில்லாமற் பாடினாரா? தெலுங்கிலும் சமற்கிருதத்திலும் பாடினர். இசைக்கு மொழியில்லை என்பது உண்மையாயின், தமிழிற் பாடுவதால் மட்டும் அது எவ்வாறு கெடும்? ஆகவே, 'மொழியில்லை' என்பதன் உட்பொருள் 'உன் மொழி வேண்டா' என்பதே. இலண்டனிற் சொன்னாலும் சென்னையிற் சொன்னாலும் அதன் பொருள் ஒன்றே.

தமிழர் ஒருவர் செய்த கலவைத் தொகுப்பையும் இவற்றோடு வைத்து எடையிடுக. 1986ஆம் ஆண்டில், 'கிரேசுலாந்து' வெளியான அதே ஆண்டில், பண்ணைப்புரத்து இளையராசா கருவியிசைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். நம் பண்களும் மேலைச் செவ்விசையும் அதிற் கைகோத்தன. அதனை அவர் தியாகராசர்க்கும் செருமானியரான பாக் என்பார்க்கும் படையலாக்கினார். பாக்கைத் தம் வீட்டில் கண்டதாக ஒரு பகுதிக்குத் தலைப்பும் இட்டார். பாக் 1750ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர்க்கு ஒரு காசும் தரவேண்டியதில்லை. பெயரைச் சொல்லாவிடினும் வழக்குத் தொடுப்பாரிலர். ஆயினும் பெயர் தரப்பட்டது. கீழை நாட்டான் மேலை நாட்டானிடம் பெற்றதை மறைக்கவில்லை. மேலை நாட்டான் கீழை நாட்டானிடம் பெற்றபொழுதோ பெயரும் ஊரும் மறைந்தன. நாகரிகம் யாரிடத்து இருந்தது என்பதை உலகமே முடிவு செய்க. எனினும் அத்தொகுப்பின் தலைப்பு, 'இதற்கு எவ்வாறு பெயரிடுவது?' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர். பெயரிடுவதற்குத் தமிழில் சொல்லில்லாமற் போகவில்லை. இசைநுணுக்கங்களுக்கெல்லாம் சிலப்பதிகாரம் பெயரிட்டிருக்கின்றது. 1917ஆம் ஆண்டிலேயே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தம் பெருநூலில் அவற்றையெல்லாம் திரட்டி வைத்தார். பாக்குக்குப் பெயர் தந்த கை, தமிழுக்கும் பெயர் தந்திருப்பின் அது முழுமை பெற்றிருக்கும்.

ஆகவே, தமிழ் இளைஞர் செய்யத்தக்கது யாது? கலவைத் தட்டுகளைக் கேளாதே எனச் செவியை அடைத்துக் கொள்வதன்று. ஒவ்வொரு தட்டையும் நான்கு வினாக்களால் அளத்தல் வேண்டும். இது யார் குரல்? எந்த மொழி? அவர் பெயர் எங்கே? அவர் பங்கு எவ்வளவு? இந்நான்குக்கும் விடை தரும் தொகுப்பு நட்பின் விளைவு. விடை தராதது, எத்துணை இனிப்பினும், களவின் விளைவு.

அவ்வளவுகோலைப் பிறர்மேல் மட்டும் வைத்தல் கூடாது. நம் சிற்றூர்களில் ஒப்பாரி பாடும் தாய்மாரும், நடவுப்பாட்டுப் பாடும் உழவரும், பறையறையும் கலைஞரும் நமக்கு அபுனக்குவாக்களே. அவர்தம் பாட்டை எடுத்து மின்தாளத்தில் ஏற்றும் தமிழ் இசையமைப்பாளர், அவர் பெயரையும் ஊரையும் முதற்பக்கத்திற் பொறித்தல் வேண்டும். வருவாயிற் பங்கைக் கேளாமுன் தருதல் வேண்டும். பாட்டின் சொல்லை வெட்டாது முழுமையாக நிறுத்தல் வேண்டும். தொகுப்புக்குத் தமிழிலேயே பெயரிடுதல் வேண்டும். இதைச் செய்யாமல் மலைத்தாத் தீவுக்காகக் கண்ணீர் விடுதல் நடிப்பேயாகும்.

மொழி என்பது இசைமேல் ஒட்டிய தாளன்று, கிழித்தெறிவதற்கு. அஃது இசையின் ஊர், இசையின் பெயர், இசையைப் பெற்ற தாயின் முகம். தாயற்ற பிள்ளையைத் தேற்றிய ஒரு தாலாட்டை, உலகச் சந்தை தாயற்ற தாலாட்டாக்கிற்று. அந்நிலை நம் தாலாட்டுக்கு நேராதிருக்க வேண்டுமாயின், அதைத் தமிழாகவே பாடுக, பெயரோடு பாடுக, உரிமையோடு பாடுக!